கோணல் எழுத்து

ஜனவரி 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே நாங்கள் இருவரும் இருக்கிறோம். நலம் என்று எழுத கை வரவில்லை. உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? குளிர் நாளில் படி ஏறி இறங்காதீர்கள்.

அவருக்கு இடது கை கொஞ்சம் பரவாயில்லை. கரண்டியைத் தானே பிடிக்கிறார். பக்கவாதம் வந்த வலது கை அப்படியேதான் கிடக்கிறது. காலையில் கண் விழித்ததும் “தீர்ப்பு வந்துச்சா?” என்பதுதான் முதல் வார்த்தை. மற்ற வார்த்தைகள் குழறும். அது மட்டும் குழறுவதில்லை.

அரசு வக்கீல் நேற்று பேசினார். என் மகள் மேல் ஏற்றிய அந்த வேன்காரன் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டானாம். இனி சாட்சி, விசாரணை எதுவும் கிடையாது, தண்டனை எவ்வளவு என்பதுதான் பாக்கி. கவனக்குறைவால் ஒருவரைச் சாகடித்தால் கூடியபட்சம் ஐந்து வருடமாம். குறைந்தபட்சம் இவ்வளவு என்று ஒன்றும் இல்லையாம். எல்லாம் நீதிபதியின் மனசு. அதற்கு முன்னால் செத்தவளின் வீட்டார் நீதிபதிக்கு ஒரு கடிதம் கொடுக்கலாம், அது எடுபடும் என்றார்.

தையல்காரி எனக்கு இடுப்பளவும் தோள் அளவும்தான் எழுதத் தெரியும். நீங்கள் நாற்பது வருடம் ஆபீசில் எழுதியே காலம் தள்ளியவர். நீங்களே எழுதிக் கொடுங்கள். ஐந்து வருடமும் வேண்டும், ஒரு நாள் குறையக் கூடாது. உங்கள் ஊர் கோர்ட்டுதானே, நீங்களே கையில் கொடுத்துவிடலாம். இவரை விட்டுவிட்டு நான் எங்கே வருவது?

இன்னொன்று. கோர்ட்டில் காகிதங்களைப் பார்க்க விடுவார்களாம். அவன் போன் பார்க்கவில்லை என்று போலீசே எழுதியிருக்கிறது. பின்னே எதைப் பார்த்துக்கொண்டு ஓட்டினான்? அது எனக்குத் தெரிய வேண்டும் அண்ணா.

போன் செய்யாதீர்கள். நீங்கள் “ம்” என்பீர்கள், நான் அழுவேன், அவர் கட்டிலிலிருந்து “யாரு, யாரு” என்பார். எழுதுங்கள்.

உங்கள் தங்கை

---

ஜனவரி 15

அன்புள்ள தங்கைக்கு,

நான் நலமே. முழங்காலைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. மாப்பிள்ளைக்குக் கரண்டி பிடிக்க வருகிறது என்று படித்ததும் மனம் லேசானது. அதற்காக மகிழ்ச்சியடைவது சரியா என்று பிறகு ஒரு சங்கடம்.

கடிதம் எழுதித் தருகிறேன். இதைவிடச் சிறிய வேலைகளுக்கே நான் மூன்று முறை வரைவு எழுதுகிறவன், கொஞ்சம் பொறுத்துக்கொள். என்னிடம் நீ கேட்டது சரிதானா என்று எனக்கே ஐயம் உண்டு. ஆனால் வேறு யார் இருக்கிறார்கள்?

போலீஸ் சொன்னதை வைத்து நடந்ததை முதலில் வரிசைப்படுத்திக்கொண்டேன். செப்டம்பர் 11, வியாழன், காலை எட்டு நாற்பத்திரண்டு. தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே, கோடு போட்ட இடத்தில் அவள் சாலையைக் கடந்தாள். ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஒன்பது மணி வேலை. வேனின் வேகம் முப்பத்தைந்து கிலோமீட்டர், அந்தச் சாலையில் அனுமதித்த வேகம்தான். ஓட்டுநர் குடித்திருக்கவில்லை. பிரேக் போட்ட தடம் மோதிய இடத்துக்கு அப்பால்தான் தொடங்குகிறது. பார்த்து மிதிக்கவில்லை, மோதியபின் மிதித்திருக்கிறான் என்று பொருள்.

வேன் நான் வேலை பார்த்த பார்சல் கம்பெனியின் வேன் என்பது உனக்குத் தெரியும். ஓய்வு பெற்று ஒன்பது வருடம் ஆகிறது. அங்கே யாரிடமும் நான் இதைப் பற்றிப் பேசவில்லை, பேசவும் மாட்டேன்.

அந்த வழியாக நான் இப்போது போவதில்லை. மருந்துக் கடைக்குச் சுற்றிக்கொண்டுதான் போகிறேன். அவள் சாப்பிட வராத ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது. அவளுக்கு ரேடியோ என்று பெயர் வைத்தவன் நான்தான். “ரேடியோவைக் கொஞ்சம் நிறுத்துறியா?” என்பேன். “பேட்டரி தீரலை மாமா” என்பாள்.

திங்கள்கிழமை கோர்ட்டுக்குப் போகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்

---

பிப்ரவரி 2

அன்புள்ள தங்கைக்கு,

நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள்? தாமதத்துக்கு மன்னித்துவிடு. முதல் திங்கள் பதிவறை பூட்டியிருந்தது. அந்த வாரக் கடைசியில் போனபோது மனுவில் முத்திரை வில்லை ஒட்டவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது முறை கிடைத்தது.

பதிவறைக் குமாஸ்தா என்னைவிட வயதானவர் போலத் தெரிந்தார், ஆனால் ஓய்வு வயது ஆகாதவராகத்தான் இருக்க வேண்டும். மூக்குக்கண்ணாடியின் ஒரு காலை நூலால் கட்டியிருந்தார். “ஒரு மணி நேரந்தான். எச்சில் தொட்டுப் பக்கம் திருப்பக் கூடாது” என்றார். என்னைப் பார்த்து அப்படிச் சொன்னது கொஞ்சம் வருத்தம்தான். அறையில் ஒரே ஜன்னல், அதற்குக் கீழே நீள மேசை. நாற்காலிகள் நான்கு, ஆடாதது ஒன்று. கோப்பு நூற்றுப் பதினெட்டு பக்கம். எல்லாவற்றையும் பார்த்தேன். பார்க்க வேண்டாத படங்களைக் குமாஸ்தாவே காகிதம் வைத்து மறைத்திருந்தார். கடுமையாகப் பேசுகிறவர் அதைச் செய்திருந்தார்.

வண்டிக்குள் கிடந்த பொருள்களின் பட்டியல் இருக்கிறது. தண்ணீர் பாட்டில், துண்டு, பேனா, அட்டையில் செருகிய ஒரு தாள், சில்லறை. ஓட்டுநர் வாக்குமூலத்தில் “கீழே பார்த்துவிட்டேன்” என்று மட்டும் இருக்கிறது. எதை என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. கோப்பிலிருந்து அது தெளிவாகவில்லை.

நீதிபதி விடுப்பில் இருப்பதால் வழக்கு மார்ச்சுக்குத் தள்ளிப்போகிறது. கடிதத்தை அதற்குள் முடித்துவிடுவேன். இப்போது எழுத உட்கார்ந்தால் வாசகம் அமையவில்லை. இரவில் தூக்கமும் சரியில்லை, வயது காரணமாக இருக்கலாம்.

உன் அண்ணன்

---

பிப்ரவரி 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

தூக்கம் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். டாக்டரைப் பாருங்கள். இங்கே அவர் அப்படியே இருக்கிறார்.

மூன்று பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அதில் குமாஸ்தாவின் மூக்குக்கண்ணாடி இருக்கிறது, ஆடும் நாற்காலி இருக்கிறது. என் மகள் இல்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள், எனக்கு உங்களை விட்டால் கோபப்பட ஆள் இல்லை.

வாசகம் அமையவில்லை என்றால் நான் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள்.

இருபத்தொன்பது வயது. பிசியோதெரபி படித்துவிட்டு, விழுந்தவர்களை நடக்க வைப்பதுதான் அவளுக்கு வேலை. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த பிறகு தினமும் மாலை ஏழு மணிக்குப் போனில் முகம் காட்டுவாள். அவர் கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்துவிட்டு நான் போனைப் பிடித்துக்கொள்ள வேண்டும். “அமுக்குங்கப்பா. ஒண்ணு. ரெண்டு. ஏமாத்தாதீங்க, தெரியுது எனக்கு” என்பாள். இருபது வரை எண்ணுவாள். ஆகஸ்ட் கடைசியில் வலது கையில் இரண்டு விரல் மடங்கியது. இரண்டு பேரும் போனிலேயே கத்தினார்கள். செப்டம்பர் 11-க்குப் பிறகு அவளைப் போல ஒன்று, இரண்டு என்று நான் எண்ணிப் பார்த்தேன். அவர் பந்தை வாங்குவதே இல்லை.

அவன் சாகடித்தது ஒருத்தியை மட்டும் இல்லை என்று எழுதுங்கள். இந்தக் கையையும்தான்.

கவனக்குறைவாம். ஏதோ பால் பொங்கி வழிந்ததைச் சொல்கிற மாதிரி ஒரு வார்த்தை. வேண்டுமென்றே செய்யவில்லை என்கிறார்களே, வேண்டுமென்று செய்தவனுக்காவது அவள் ஒரு ஆளாகத் தெரிந்திருப்பாள். இவனுக்கு அவள் கண்ணிலேயே படவில்லை. இதில் எது பெரிய பாவம் என்று அந்த நீதிபதியைக் கேளுங்கள்.

உங்கள் தங்கை

---

மார்ச் 3

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதத்தைப் படித்தபின் என் வரைவுகளை எல்லாம் கிழித்துப் போட்டேன். நீ சொன்னதையே எழுதியிருக்கிறேன். ஒற்றுப்பிழை தவிர எதையும் தொடவில்லை. இத்துடன் வைத்திருக்கிறேன், பார்த்துச் சொல். கடைசிப் பத்தியில் “தண்டனை நியாயமாக இருக்கட்டும்” என்று ஒரு வரி நான் சேர்த்தது.

வழக்கு நேற்று கூப்பிடப்பட்டது. நீதிபதி இன்னும் வரவில்லை, ஏப்ரல் 20-க்குத் தள்ளிவைத்தார்கள். அங்கே ஒன்று நடந்தது. அதை உனக்கு எழுதலாமா என்று ஒரு நாள் யோசித்தேன்.

நடையில் நீளப் பெஞ்சில் ஒரே ஒரு இடம் காலி. உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவனுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். காலுக்கிடையில் ஒரு துணிப்பை.

“பெரியவருக்கு என்ன கேஸு?” என்றான்.

“கேஸ் இல்ல. ஒரு கடிதம் குடுக்கணும்.”

“கடுதாசி குடுக்கவே ஆறு மாசம் இழுப்பாங்க. நல்லா சாஞ்சு உக்காருங்க, பழகிக்கங்க.”

பை மிகவும் உப்பியிருந்தது. நான் அதைப் பார்ப்பதைக் கண்டு சிரித்தான். “ரெண்டு சட்டை, போர்வை, பல்லு தேய்க்கிற பிரஷ்ஷு. இன்னைக்கே உள்ள போன்னா போகணும்ல? மூணு வாட்டி மூட்டை கட்டியாச்சு. ஒவ்வொரு வாட்டியும் திரும்பி வந்துடறேன். எம் பொண்டாட்டி சொல்லிட்டா, ‘இனிமே நான் பிரிக்க மாட்டேன், கட்டுனது கட்டுனபடியே கெடக்கட்டும்’னு.”

“என்ன வழக்கு?” என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. அதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டிருந்தது.

“வேன் ஓட்டுனேன். ஒரு பொண்ணு மேல ஏத்திட்டேன். செத்துப்போச்சு” என்றான். சுற்றி வளைக்காமல் அப்படியே சொன்னான். பிறகு, “பேரு சொல்லிக் கூப்பிடுவாங்கல்ல கோர்ட்டுல, அப்பத்தான் அந்தப் பொண்ணு பேரே எனக்குத் தெரியும்” என்றான்.

நான் யார் என்று சொல்லவில்லை. கோழைத்தனம்தான். அதன் பிறகும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தோம். அது முக்கியமில்லை.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

உன் அண்ணன்

---

மார்ச் 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

அவருக்கு இரண்டு நாள் காய்ச்சல், இப்போது தேவலை. நீங்கள் எழுதிய கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். பந்து வரும் இடத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கடிதம் நன்றாக இருக்கிறது. “நியாயமாக இருக்கட்டும்” என்ற வரியை அடித்துவிட்டேன். “ஐந்து வருடம்” என்று எழுதுங்கள். நியாயம் என்று எழுதினால் ஆளாளுக்கு ஒரு அளவு எடுப்பார்கள்.

அவனோடு உட்கார்ந்து பேசினீர்கள் என்று படித்ததும் தாளை மடித்து வைத்துவிட்டு ஒரு சட்டைக்குக் காலர் வைத்தேன். பிறகுதான் மறுபடி எடுத்தேன். அவனுக்கும் பெண்டாட்டி இருக்கிறாள். இருக்கட்டும்.

“அது முக்கியமில்லை” என்று முடித்திருக்கிறீர்கள். அண்ணா, முப்பது வருடம் துணி வெட்டுகிறவள் நான். எங்கே துணி குறைகிறது என்று எனக்குத் தெரியும். என்ன சொன்னான்?

உங்கள் தங்கை

---

மார்ச் 29

அன்புள்ள தங்கைக்கு,

மாப்பிள்ளையின் காய்ச்சல் முழுதும் விட்டிருக்கும் என்று நம்புகிறேன்.

பிப்ரவரியில் உனக்கு எழுதியதில் ஒரு பொய் இருந்தது. அவன் எதைப் பார்த்தான் என்பது கோப்பில் தெளிவாகவில்லை என்றேன். எனக்குத் தெளிவாகிவிட்டது. எழுபத்தாறாம் பக்கத்தில் அந்த அட்டைத் தாளின் படம் இருக்கிறது. அது கம்பெனியின் ட்ரிப் ஷீட். வழியில் ஐந்து இடங்கள், ஒவ்வொன்றையும் எத்தனை மணிக்குக் கடந்தான் என்று ஓட்டுநர் கையால் எழுத வேண்டும். நான்காவது இடம் தண்ணீர்த் தொட்டி. அதற்கு நேரே “8.4” என்று இருக்கிறது. அடுத்த இலக்கம் இல்லை. நாலின் காலிலிருந்து ஒரு கோடு இழுத்துக்கொண்டு தாளின் ஓரம் வரை போகிறது.

அந்தத் தாளை வடிவமைத்தவன் நான்.

முழுதும் சொல்லிவிடுகிறேன். நான் நேரப் பிரிவுக்குப் பொறுப்பேற்றபோது ஓட்டுநர்கள் எங்காவது ஒரு மணி நேரம் நிறுத்திவிட்டு, கடைசியில் ஐந்து இடத்துக்கும் சேர்த்து மனக்கணக்காக எழுதிவிடுவார்கள். எது மெய், எது பொய் என்று தலைமையகத்துக்குத் தெரியவில்லை. நான் ஆறு மாதத் தாள்களை விரித்துப் போட்டுப் பார்த்துக் கண்டுபிடித்தேன். நின்ற வண்டியில் எழுதினால் எழுத்து நேராக இருக்கும். ஓடும் வண்டியில் எழுதினால் கோணலாக இருக்கும். ஆகவே கோணல் எழுத்து மெய், நேர் எழுத்து பொய். “கடக்கும் கணத்திலேயே பதிய வேண்டும்” என்று சுற்றறிக்கை போட்டேன். நேரான எழுத்தின் கீழ் சிவப்பு மையில் கோடு இழுப்பேன். அந்த ஆளுக்கு மறுநாள் வண்டி கிடையாது. என் முதுகுக்குப் பின்னால் அடிக்கோடு என்று கூப்பிடுவார்கள். தெரியும். உள்ளூர எனக்கு அதில் கொஞ்சம் பெருமை.

முப்பத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் வண்டி வினாடிக்குப் பத்து மீட்டருக்குச் சற்றுக் குறைவாக ஓடும். கடிகாரத்தைப் பார்த்து மூன்று இலக்கம் எழுத இரண்டு வினாடி. இருபது மீட்டர் தூரம் வண்டியை ஓட்ட ஆள் இல்லை. நாற்பது வருடம் நேரக் கணக்குப் பார்த்தவன், இந்தக் கணக்கை ஒருநாளும் போட்டதில்லை.

இனி அவன் சொன்னது. எதைப் பார்த்தாய் என்று கேட்டேன்.

“ட்ரிப் ஷீட்டு. ஆனா அதை வாய்விட்டுச் சொல்லக் கூடாதுன்னு வக்கீல் சொல்லிட்டாரு. கம்பெனி வெச்ச வக்கீல். கம்பெனியை உள்ள இழுத்தா வீட்டுக்கு எதுவும் செய்ய மாட்டாங்களாம்.”

“நிறுத்திட்டு எழுதியிருக்கலாமே?”

“நிறுத்தி எழுதுனா நேரா வந்துடும் பெரியவரே. நேரா வந்தா நாளைக்கு வண்டி இல்ல.” சிரித்தான். “ஆபீசுல அடிக்கோடுன்னு ஒருத்தர் இருந்தாராம். பெரிய மூளைக்காரர். அவர் போட்ட ரூலு. அவர் செத்து ரொம்ப நாளாச்சுங்கறாங்க, ரூலு சாகலை.”

நான் சாகவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

அவனுக்குச் சாதகமாக மட்டும் எழுதிவிடக் கூடாது என்பதற்காக இதையும் எழுதுகிறேன். “வேலைக்குச் சேந்த புதுசுல நிறுத்திட்டுத்தான் எழுதுவேன். வேணும்னே கையை ஆட்டி ஆட்டி எழுதுவேன், கோணலா வரும். அப்புறம் சோம்பல். ஓட்டிக்கிட்டே எழுதறது பழகிப்போச்சு” என்றான். பிறகு, “நாந்தான் ஏத்துனேன், ஷீட்டு ஏத்தலை” என்றான்.

இருபதாம் தேதி உன் கடிதத்தோடு, இதையும் எழுதி நீதிபதியிடம் கொடுக்க நினைக்கிறேன். கொடுத்தால் அவனுக்குத் தண்டனை குறையலாம். உன்னைக் கேட்காமல் செய்ய எனக்குத் துணிவில்லை. கேட்டுவிட்டுச் செய்யவும் உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை.

அண்ணன்

---

ஏப்ரல் 6

அவள் உங்கள் வீட்டில் ஒவ்வொரு ஞாயிறும் சாப்பிட்டாள். மூன்று மாதமாக எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள், அதில் இரண்டு மாதமாக இது உங்களுக்குத் தெரியும்.

அந்தக் கம்பெனியில் எத்தனை வேன் ஓடுகிறது? நாற்பதா, ஐம்பதா? அத்தனை பேரும் அதே தாளைத்தான் எழுதினார்கள். யாரும் யாரையும் கொல்லவில்லை. ஒருவன்தான் கொன்றான். கோணலாக எழுதுவது போல நடிக்கத் தெரிந்தவன் அவன். நடித்துக்கொண்டே இருந்திருந்தால் அவள் இருந்திருப்பாள். சோம்பலாம். நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

அத்தனை பேரும் கீழே பார்த்திருப்பார்கள், அப்போது எதிரே யாரும் கடக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம் என்று நீங்கள் பதில் எழுதுவீர்கள். எனக்குத் தெரியும். அதையும் யோசித்துவிட்டேன். யோசித்துப் பிரயோசனம் இல்லை.

உங்களைத் தடுக்க மாட்டேன். தடுத்தால் என்னைக் காரணம் காட்டிச் சும்மா இருந்துவிடுவீர்கள். கொடுங்கள். ஆனால் என் கடிதத்தை ஒரு எழுத்து மாற்றாமல் முதலில் கொடுங்கள். ஐந்து வருடம் என்று அதில் இருக்க வேண்டும்.

அதன் பிறகு எனக்கு எழுத வேண்டாம்.

---

ஏப்ரல் 22

அன்புள்ள தங்கைக்கு,

எழுத வேண்டாம் என்றாய். தீர்ப்பை நான்தான் தெரிவிக்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன். பதில் எதிர்பார்க்கவில்லை.

உன் கடிதத்தை முதலில் கொடுத்தேன். அரசு வக்கீல் அதை வாய்விட்டுப் படித்தார். நல்ல குரல். பந்து வரும் இடத்தில் நீதிபதி எழுதுவதை நிறுத்தினார். ஓட்டுநர் குனிந்த தலை நிமிரவில்லை.

பிறகு என் தாள்களை நீட்டினேன். சுற்றறிக்கையின் நகல் ஒன்று பழைய கோப்பில் வைத்திருந்தேன், எதையும் தூக்கிப் போடாத பழக்கம், அதையும் இணைத்திருந்தேன். நீதிபதி இரண்டு தடவை படித்தார். “இதை எழுதினது நீங்கதானா?” என்றார். தலையசைத்தேன். “ஏதாவது சொல்ல விரும்புறீங்களா?” என்றார். எல்லாம் அதிலேயே இருக்கிறது என்பது போலக் கையைக் காட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

கம்பெனி வக்கீல் எழுந்து, அந்த விதி இப்போது நடைமுறையில் இல்லை என்றார். நீதிபதி அந்தப் படத்தைத் தூக்கிக் காட்டினார். “அப்ப இவர் ஏன் எழுதிக்கிட்டிருந்தார்?” என்றார். வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

தீர்ப்பு இரண்டு வருடம். பத்து வருடத்துக்கு உரிமம் கிடையாது. பேனா அவன் கையில் எப்படி வந்தது என்பது ஒரு கேள்வி, கண் ஏன் சாலையில் இல்லை என்பது இன்னொரு கேள்வி, முதலாவதுக்கு மற்றவர்களும் பதில் சொல்ல வேண்டும், இரண்டாவதுக்கு அவன்தான் சொல்ல வேண்டும் என்று எழுதியிருக்கிறார். என் தாள்கள் இல்லாதிருந்தால் மூன்றரைக்குக் குறைந்திருக்காது என்று அரசு வக்கீல் என்னிடம் சொன்னார். முகம் கொடுத்துப் பேசவில்லை.

அழைத்துப் போகும்போது ஓட்டுநர் என் பக்கத்தில் நின்றான். கையில் அதே பை. “நீங்கதானா அது? செத்துட்டீங்கன்னாங்களே” என்றான். பிறகுதான் நான் அவளுக்கு மாமன் என்பது உறைத்தது போலிருந்தது. வாயைத் திறந்தான். போலீஸ்காரர் “நட, நட” என்றார்.

ஒன்று கேட்கிறேன். என் பெயருக்கு நேரே நீதிபதியால் எதுவும் எழுத முடியவில்லை. எந்தச் சட்டத்திலும் எனக்கு இடமில்லை. வெளியே வந்து வழக்கம்போல நடந்து வீட்டுக்கு வந்தேன், பூட்டைத் திறந்தேன். இது சரியில்லை. எனக்கு என்ன என்பதை நீயாவது சொல்.

அண்ணன்

---

ஜூன் 14

அன்புள்ள தங்கைக்கு,

நலமா என்று கேட்க மட்டும் இந்தக் கடிதம். மாப்பிள்ளைக்கு எப்படி இருக்கிறது? தீர்ப்பின் நகல் கிடைத்தது, இத்துடன் அனுப்புகிறேன். பதினோரு பக்கம். தேவையில்லை என்றால் பிரிக்க வேண்டாம்.

கம்பெனியில் ட்ரிப் ஷீட்டை எடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு ஒரு நாள் நிம்மதியாக இருந்தேன். பார்சல் போட வந்த கம்பெனி வேன் ஓட்டுநர் ஒருவரை வழியில் பார்த்துக் கேட்டேன். “தாள் இல்லீங்க, இப்ப டப்பா குடுத்திருக்காங்க. ஒவ்வொரு எடத்தையும் தாண்டும்போது பட்டனை அமுக்கணும். அமுக்கலைன்னா கத்தும்” என்றார். கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். பதில் இல்லை. இன்னொன்று எழுதுவேன்.

முழங்கால் அப்படியே இருக்கிறது.

அண்ணன்

---

ஆகஸ்ட் 1

அண்ணாவுக்கு,

நலம். அவரும் நலம் என்றுதான் சொல்ல வேண்டும்.

தீர்ப்பின் நகலை ஒரு மாதம் பிரிக்காமல் தையல் மெஷின் டிராயரில் போட்டிருந்தேன். போன வாரம் படித்தேன். இரண்டு வருடம் போதுமா என்றால் போதாது. ஐந்து கொடுத்திருந்தாலும் போதாது என்று சொல்லியிருப்பேன் என்பது இப்போது தெரிகிறது. எவ்வளவு கொடுத்தால் போதும் என்று எனக்கே ஒரு அளவு இல்லை. அவன் மேல் கோபம் தீரவில்லை. ஆனால் அதை இத்தனை வருடம் என்று வெட்ட வரவில்லை.

உங்களுக்கு என்ன என்று கேட்டீர்கள். நான் நீதிபதி இல்லை. மூன்று மாதம் பதில் எழுதாதது தண்டனை என்று நினைத்திருப்பீர்கள். இல்லை. எனக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

தீர்ப்பு வந்த அன்றே அவரிடம் சொன்னேன், இரண்டு வருடம் என்று. “ஏன் ரெண்டு?” என்றார். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். அன்றிலிருந்து காலையில் எழுந்ததும் அதுதான். “ஏன் ரெண்டு?” முன்பு கேட்டதற்காவது இன்னும் வரவில்லை என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். இதற்கு எனக்குப் பதில் தெரியும், சொல்ல முடியவில்லை.

சொல்ல மாட்டேன். அது என் வேலை இல்லை. எழுதி அனுப்பாதீர்கள், படித்துக் காட்ட மாட்டேன். எனக்கும் எழுதித்தான் சொன்னீர்கள். கோர்ட்டில் அவ்வளவு பேர் முன்னால் எழுதிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டீர்கள். அந்தப் பெஞ்சில் பக்கத்திலேயே இருந்தவனிடமும் சொல்லவில்லை. அவள் அப்பாவிடமாவது நேரில் வந்து வாயால் சொல்லுங்கள். தாளைப் பற்றி, சிவப்புக் கோட்டைப் பற்றி, எல்லாம். அவர் திட்டுவாரா, அழுவாரா, ஒன்றும் சொல்லாமல் இருப்பாரா எனக்குத் தெரியாது. நான் குறுக்கே வர மாட்டேன்.

காலை வேளையில் வாருங்கள், அப்போதுதான் தெளிவாக இருக்கிறார். பக்கவாதத்துக்குப் பிறகு அவருக்கு இடது காது கேட்பதில்லை. கட்டிலுக்கு வலது பக்கம் நாற்காலி போட்டு வைக்கிறேன். சத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கும்.

தங்கை